கம்பிவடமும் கடைசி ஆறு அடியும்

கோல்ஃப் ஆடியறியாத தமிழருக்கு அதை இரண்டு தெருவிளையாட்டுகளின் கூட்டாக விளக்கிவிடலாம். தொடக்கம் கிட்டிப்புள், முடிவு கோலி. முதல் வீச்சுகளில் பந்து வானில் பறக்கிறது. வலிமைக்கும் துணிவுக்கும் அங்கே வேலை. குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தளத்தைப் பந்து அடைந்ததும் ஆட்டத்தின் இயல்பே மாறிவிடுகிறது. மட்டையால் மெல்லத் தட்டித் தரையோடு உருட்டி, நாலேகால் அங்குல விட்டமுள்ள குழியில் அதை விழச்செய்ய வேண்டும். குழியின் அந்த அளவு 1891இல் நிலைப்படுத்தப்பட்டது, இன்றுவரை மாறவில்லை. உருட்டிவிடும் இந்தத் தட்டலுக்குப் ‘பட்’ என்றும் அச்செயலுக்குப் ‘பட்டிங்’ என்றும் பெயர். (கிரிக்கெட்டின் ‘பேட்டிங்’ வேறு. ‘அடி’ என்ற சொல்லும் இங்கே தொல்லைதான். தமிழில் அது நீள அளவுக்கும் தாக்குதலுக்கும் பொது. இக்கட்டுரையில் அது நீள அளவை மட்டுமே குறிக்கும்.)

இவ்வாட்டத்தின் கணினி வடிவங்கள் இன்று உலகெங்கும் போட்டித் தொடர்களாக நடைபெறுகின்றன. 2008இல் தொடங்கிய ‘வேர்ல்ட் கோல்ஃப் டூர்’ அவற்றுள் ஒன்று. செயின்ட் ஆண்ட்ரூஸ், பெபிள் பீச் போன்ற உண்மையான திடல்களின் நிழற்படங்கள் மீதே பந்து பறக்கும்படி அது வடிவமைக்கப்பட்டது. மட்டையைத் தொட்டே இராதவர்களும் அதில் போட்டியிடலாம். அப்படிப் போட்டியிடுபவர்களுள் ஒருவர் அந்தமானில், போர்ட் பிளேரில், இயற்பியல் கற்பிக்கும் ஓர் ஆசிரியர். அந்நகரின் அலுவல்முறைப் பெயர் 2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம். ஆசிரியரின் பெற்றோர் இராமநாதபுரத்துப் பக்கமிருந்து பிழைப்புக்காகத் தீவுக்கு வந்தவர்கள். உண்மையான கோல்ஃப் திடலில் அவர் ஒருநாளும் நின்றதில்லை. திரையில் அவருடைய நெடுவீச்சுகள் நேராகப் பறக்கின்றன. அணுகுவீச்சுகள் குழிக்கு அருகிலேயே இறங்குகின்றன. அதன்பின் ஆறு அடி, எட்டு அடித் தொலைவிலிருந்து பந்து குழியை உரசிக்கொண்டு போய்விடுகிறது. பல ஆண்டுகளாக இதுதான் அவர் கதை.

முதலில், அவர் ஏன் கோல்ஃபைத் தேர்ந்தார் என்பது. விருப்பத்தைவிட நிலவியலுக்கே இதில் பங்கு அதிகம்.

போர்ட் பிளேர் சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கப்பலில் மூன்று நாள் பயணம். செய்தித்தாளும் பாடநூலும் காய்கறி விதையும் தாமதமாகவே வந்துசேர்ந்த ஊரில் இணையமும் விண்வெளி சுற்றித்தான் வந்தது. நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளுக்கு ஏறி, அங்கிருந்து இறங்கி, பதிலும் அதே வழியில் ஏறி இறங்கிவர, ஒளியின் வேகத்திலேயே கிட்டத்தட்ட அரை நொடி ஆகிவிடும். இது எந்தப் பொறியாளரும் குறைக்க முடியாத கடன். இதன்மேல், கிடைத்த சிறிதளவு அலைக்கற்றையைத் தீவே பங்கிட்டுக்கொண்ட நெரிசல் வேறு. துப்பாக்கிச் சண்டை ஆட்டங்களில் அரை நொடித் தாமதம் என்பது, எதிரியைக் காணுமுன்பே இறந்துவிட்டிருப்பது.

கோல்ஃப் அப்படியன்று. அங்கே எதிரி யாரும் ஆட்டக்காரரை நோக்கி ஓடிவருவதில்லை. பெரும்பாலான தொடர்களில் ஒவ்வொருவரும் குறித்த சில நாட்களுக்குள் தமக்கு வாய்த்த நேரத்தில் பதினெட்டுக் குழிகளையும் ஆடி முடித்து எண்ணிக்கையைப் பதிவுசெய்கிறார்கள். தட்டும் கணத்தைக் கணிப்பதும் ஆட்டக்காரரின் கருவியே. தொலைதூர வழங்கிக்குப் போய்ச்சேர்வது அதன் முடிவு மட்டும். திடலின் படங்கள் இறங்க நெடுநேரம் காத்திருக்க வேண்டும். ஆனால் இறங்கிவிட்டால், போர்ட் பிளேரில் இருப்பவரும் சியோலில் இருப்பவரும் ஒரே புல்லின்மீது நிற்கிறார்கள். தீவுக்காரருக்குச் சமநிலையில் போட்டியிட வாய்த்த அரிய இடங்களுள் அது ஒன்று. அவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாததன் காரணமும் அதுவே. தேர்வு முடிவு முதல் வேலைவாய்ப்பு அறிவிப்புவரை எல்லாவற்றிலும் ‘மெயின்லேண்ட்’ காரர்களுக்குப் பின்னால் நின்ற ஒருவர், ஒரு பட்டியலில் அவர்களோடு கலந்து நிற்கிறார். அங்கே தோற்றால் அது தொலைவின் தோல்வியாக இருக்க முடியாது.

ஆயினும் நெடுங்காலம் அவர் தொலைவையே குறைசொன்னார். வீச்சுகள் தவறாமல் பட்டுகள் மட்டும் தவறினால் அதற்கு இணைப்பு எப்படிக் காரணமாகும் என்று கேட்கத் தெரிந்தவர்தான், தம்மிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னை – அந்தமான் நிக்கோபார் கடலடிக் கம்பிவடம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளம். சுமார் 1,224 கோடி ரூபாய்ச் செலவு. போர்ட் பிளேரோடு ஸ்வராஜ் தீவு, லாங் தீவு, ரங்கத், சிறிய அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார் ஆகியவற்றையும் அது இணைத்தது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. எனவே சென்னைக்குப் போய்த் திரும்பும் பயணத்துக்கு மட்டும் பதினைந்து மில்லிநொடி அளவே போதும். அரை நொடி எங்கே, இது எங்கே! தீவின் இளைஞர்களுக்கு இதில் ஒரு கசப்பான வேடிக்கையும் நேர்ந்தது. வேகமான இணைப்பு வந்த இருபத்து மூன்றாம் நாள், செப்டம்பர் 2 அன்று, அவர்கள் அதுவரை தாமதத்தோடு ஆடிவந்த பப்ஜி நாட்டில் தடைசெய்யப்பட்டது.

ஆசிரியருக்குத் தடை ஏதும் இல்லை. படங்கள் இப்போது கண்மூடித் திறப்பதற்குள் இறங்கின. சுற்று நடுவே இணைப்பு அறுந்துபோவதும் அரிதாயிற்று. பட்டுகள் மட்டும் முன்போலவே தவறின.

திரையில் பட்டிங் எப்படி நிகழ்கிறது என்பதை இங்கே சற்று நின்று பார்க்கவேண்டும். 1984இல் நின்டெண்டோ வெளியிட்ட ‘கோல்ஃப்’ ஆட்டத்தை நிரலாக்கியவர், பின்னாளில் அந்நிறுவனத்தின் தலைவரான சடோரு இவாடா. பொத்தானை அழுத்தினால் ஒரு பட்டையில் குறிமுள் ஓடத் தொடங்கும். மறுமுறை அழுத்தினால் வலிமை நிலைக்கும். மூன்றாவது அழுத்தல் திசையின் துல்லியத்தை முடிவுசெய்யும். பின்வந்த எண்ணற்ற கோல்ஃப் ஆட்டங்கள் இந்த அமைப்பையோ அதன் திரிபுகளையோ பின்பற்றின. அதாவது, தோளும் முதுகும் மணிக்கட்டும் சேர்ந்து செய்யும் ஒரு செயல், ஒற்றை விரலின் காலக்கணிப்பாகச் சுருக்கப்பட்டது. நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில் ஒரு சட்டத்துக்குப் பதினேழு மில்லிநொடி. கருவி சூடேறிச் சட்டங்கள் தவறினால் முள் தாவும், விரல் ஏமாறும். ‘முள் தாவியது’ என்பது இவ்வாட்டக்காரர்களின் உலகப் பொதுப்புலம்பல். கம்பிவடம் வந்தபின் நம் ஆசிரியரின் குற்றச்சாட்டும் கடலிலிருந்து கைப்பேசிக்கு இடம்பெயர்ந்தது. புதிய கைப்பேசி வாங்கினார். அதுவும் உதவவில்லை.

அவருடைய தாயார் இதையெல்லாம் ஒரே வரியில் முடித்துவிடுவார்: “என்னப்பா, சின்ன வயசுல கோலி ஆடினது பத்தாதா?”

கேலியாகச் சொன்னாலும் கேள்வியில் பொருள் இருந்தது. குதிகாலால் மண்ணில் குழி திருகி, நடுவிரலை வில்லாக வளைத்து, சரிவான முற்றத்தில் கோலியைக் குழிக்குள் இறக்கிய சிறுவன் அவர். அதில் தேர்ந்தவர் என்ற பெயரும் உண்டு. அந்தத் திறன் திரையில் ஏன் கைகொடுக்கவில்லை? கோலி ஆடுபவரின் விரல் அறிவது வேகத்தை. இரண்டு மடங்கு தொலைவுக்கு இரண்டு மடங்கு வேகம் வேண்டியதில்லை. தட்டையான தரையில் உருளும் தொலைவு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் ஏறத்தாழ 1.4 மடங்கே போதும். இந்த வர்க்கமூலத்தை எந்தச் சிறுவனும் வகுப்பில் படித்து ஆடியதில்லை. விரல் தானே கற்றுக்கொண்டது. திரையின் பட்டையோ வேகத்தைக் கேட்பதில்லை, தொலைவைக் கேட்கிறது. ஐம்பது அடி அளவுகொண்ட பட்டையில் பாதி என்றால் தட்டைத் தளத்தில் இருபத்தைந்து அடி. வர்க்கக் கணக்கை நிரலே செய்துவிடுகிறது. உதவிபோல் தோன்றும் இது, கை கற்றுவைத்திருந்ததைப் பயனற்றதாக்குகிறது. சரிவைக்கூடப் பாதம் உணர்வதில்லை. கட்டத்தின்மேல் ஊரும் புள்ளிகளின் வேகத்தைக் கண் படித்துக்கொள்ள வேண்டும்.

இதற்குப் பிறகு அவர் குறைசொன்னது தம் மனத்தை. இதற்கு ஆய்வுத் துணையும் நிறையவே கிடைத்தது. சையன் பைலாக்கும் தாமஸ் காரும் 2001இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு பட்டிங்கை வைத்துச் செய்யப்பட்டதே. அழுத்தத்தின்கீழ் மனிதர் தம் செய்கையைத் தாமே படிப்படியாகக் கண்காணிக்கத் தொடங்குகிறார். தானாக ஓடிக்கொண்டிருந்த திறன் அதனாலேயே குலைகிறது. படக்கருவியின் முன்னால் பயிற்சி பெற்றவர்கள் பின்னர் அழுத்தத்தில் தடுமாறவில்லை என்பதும் அதில் கண்டது. டெவின் போப், மாரிஸ் ஷ்வைட்சர் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. தொழில்முறை ஆட்டக்காரர்களின் இருபத்தைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பட்டுகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். குழிக்குரிய இயல்பெண்ணைக் காப்பாற்றும் பட்டைவிட, அதைவிட ஒன்று குறைத்து ஆதாயம் தரும் பட், அதே தொலைவிலிருந்தும் சுமார் இரண்டு விழுக்காட்டுப் புள்ளி குறைவாகவே விழுகிறது. இழப்புக்கு அஞ்சும் கை தாராளமாக ஆடுகிறது. ஆதாயத்தின் முன் நிற்கும் கை தயங்கிப் பந்தைக் குழிக்கு முன்பே நிறுத்திவிடுகிறது.

ஆசிரியர் இதைத் தம்மேல் சோதித்துப் பார்த்தார். டிசம்பரில் தீவில் மாலை ஐந்து மணியளவிலேயே இருட்டிவிடும்; 82.5 பாகைக்குரிய கடிகாரத்தை 93 பாகைக்கு அருகில் வாழ்பவர்கள் கட்டியிருப்பதன் விளைவு. அந்த நீண்ட மாலைகளில் அக்காள் மகனைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு பயின்றார். படக்கருவிக்குப் பதில் ஒரு பதினான்கு வயதுப் பையன். “மாமா, இது உள்ள போகாது” என்று ஒவ்வொரு பட்டுக்கும் முன்னால் சொல்வது அவன் வேலை. பைலாக் குறிப்பிட்ட அழுத்தத்தைவிட இது கடுமையானது என்றே கருதவேண்டும். சில வாரங்களில் கூச்சம் தெளிந்தது; மூன்று நான்கு அடிப் பட்டுகள் ஓரளவு சீராயின. ஆனால் போட்டிச் சுற்றுகளில், குறிப்பாகத் தளம் வேகமாக்கப்பட்ட இறுதிச் சுற்றுகளில், நெடும் பட்டுகள் தாறுமாறாகவே ஓடின. பையன் சொன்னதுதான் நடந்தது.

அவர் செய்யாமல் விட்டிருந்தது ஒன்றே ஒன்று. அவருடைய தொழிலே அதுதான் என்பது இதில் வியப்பு. கணக்கைச் சரிபார்க்கவில்லை.

இவ்வாட்டக்காரர்களிடையே வழங்கும் ஒரு வாய்பாடு உண்டு: குழி ஓர் அங்குலம் மேலே இருந்தால் ஓர் அடி கூட்டு, ஓர் அங்குலம் கீழே இருந்தால் ஓர் அடி குறை. யாரும் ஐயுறாத வாய்பாடு. அவரும் தொடக்கத்திலிருந்து அதையே பயன்படுத்திவந்தார். புல்தளத்தின் வேகத்தை அளப்பதற்கு ஸ்டிம்ப்மீட்டர் என்ற எளிய கருவி உள்ளது. 1935ஆம் ஆண்டு யு.எஸ். ஓபனில் ஓக்மாண்ட் தளங்களின் வேகத்தைக் கண்டு வியந்த எட்வர்ட் ஸ்டிம்ப்சன் வகுத்தது. காடி வெட்டிய ஒரு சட்டத்தை மெல்ல உயர்த்த, பந்து தானாக நழுவி, நொடிக்கு ஏறத்தாழ 1.83 மீட்டர் வேகத்தில் தளத்தில் இறங்குகிறது. எத்தனை அடி உருண்டு நிற்கிறதோ அதுவே தளத்தின் எண். ஆட்டத்தின் திரையிலும் இந்த எண் காட்டப்படுகிறது.

இந்த இரண்டையும் இணைத்தால் போதும். பதினொன்றாம் வகுப்புக் கணக்கு. தளத்தின் எண் 10 என்றால் பந்தின் வேகத்தளர்ச்சி நொடிவர்க்கத்துக்கு 0.55 மீட்டர். எண் 13 என்றால் 0.42. உருளும் திண்கோளம் சரிவில் பெறும் முடுக்கம், வழுக்கும் பொருளினதைப்போல் முழுமையாக அமையாது. ஏழில் ஐந்து பங்குதான். ஆக, ஓர் அங்குல உயரத்துக்கு ஈடான தட்டைத் தொலைவு, எண் 10இல் ஏறத்தாழ 1.06 அடி. வாய்பாடு கனகச்சிதம். எண் 13இல் 1.4 அடிக்குச் சற்றே குறைவு. அங்கே வாய்பாடு பொய்த்துவிடுகிறது.

பொய்க்கும் விதமும் கவனிக்கத்தக்கது. எண் 13 தளத்தில் இருபது அடித் தொலைவில், ஆறு அங்குலம் கீழே குழி. வாய்பாட்டின்படி பதினான்கு அடிக்குத் தட்டவேண்டும். உண்மையில் பதினொன்றே முக்கால் அடி அளவுக்குத் தட்டினாலே பந்து குழியை அடைந்துவிடும். மிகையாகிவிட்ட இரண்டேகால் அடியைச் சரிவு பெருக்கிவிடும் என்பதால், பந்து குழியைத் தாண்டி நான்கு அடி ஓடி நிற்கும். அதே தொலைவில் குழி ஆறு அங்குலம் மேலே இருந்தால் பந்து ஒன்றரை அடி அளவுக்குக் குறைவாக நிற்கும். ஒரே வாய்பாடு; இறக்கத்தில் நான்கு அடி மிகை, ஏற்றத்தில் ஒன்றரை அடி குறை. இரண்டு பிழைகளும் அளவில் ஒவ்வாமல், திசையில் எதிரெதிராக இருந்ததால்தான் அவை ஒரே காரணத்தின் பிள்ளைகள் என்று அவருக்குத் தோன்றவில்லை. இறக்கத்தில் தாண்டியதைப் பதற்றம் என்றார். ஏற்றத்தில் குறைந்ததை அச்சம் என்றார். உளவியலுக்கு எதையும் விளக்கிவிடும் தாராளம் உண்டு. பயிற்சிச் சுற்றுகள் நடுத்தர வேகத் தளங்களில் நடந்தன. அங்கே வாய்பாடு பொருந்தியது. போட்டித் தளங்கள் வேகமானவை, அங்கே பொருந்தவில்லை. பயிற்சியில் நன்றாக ஆடிப் போட்டியில் தடுமாறுபவர் என்று அவர் தம்மைப் பற்றி எழுதிவைத்திருந்த தீர்ப்பின் பெரும்பகுதி இந்த ஒரு பெருக்கெண்தான்.

எல்லாமும் இந்தக் கணக்கில் தீர்ந்துவிட்டதாகக் கொள்ளலாகாது. எவ்வளவு வலிமை என்பது தெரிந்தாலும், பந்து வளையும் கோடு வலிமையைப் பொறுத்து மாறும். மெல்லத் தட்டினால் குழி அகலமாகிறது; அதாவது விளிம்பைத் தொட்ட பந்தும் உள்ளே விழும். ஆனால் மெல்லச் செல்லும் பந்தைச் சரிவு அதிகம் வளைத்துவிடும். விரைந்து தட்டினால் கோடு நேராகும், குழி சுருங்கும். நொடிக்கு ஏறத்தாழ 1.63 மீட்டருக்குமேல் வரும் பந்து நட்டநடுவே வந்தாலும் குழியைத் தாண்டிப் போய்விடும் என்று பிரையன் ஹோம்ஸ் 1991இல் கணக்கிட்டார். இரண்டுக்கும் இடைப்பட்ட தேர்வை எந்த அட்டவணையும் செய்துதராது. தொழில்முறை ஆட்டக்காரர்களே எட்டு அடியிலிருந்து இரண்டில் ஒன்றைத்தான் விழச்செய்கிறார்கள் என்று மார்க் பிராடி காட்டியிருக்கிறார். இதை முதலிலேயே படித்திருந்தால், எட்டு அடி தவறியபோதெல்லாம் கைப்பேசியைக் கட்டிலில் எறிந்திருக்க வேண்டியதில்லை.

இப்போது அவருடைய குறிப்பேட்டில் தளத்தின் எண்ணுக்கு ஒன்றாக ஆறு பெருக்கெண்கள் எழுதப்பட்டுள்ளன. நெடும் பட்டுகளின் பின் குழியருகே எஞ்சும் தொலைவு குறைந்துவிட்டது. மூன்று பட்டுகள் தேவைப்படும் குழிகள் அரிதாகிவிட்டன. பட்டியலில் அவருடைய பெயர் சில இடங்கள் மேலேறியிருக்கிறது. மிகவும் மேலே அன்று. ஆதாயம் தரும் ஆறு அடி ஏற்றப் பட்டு வரும்போது, பெருக்கெண்ணைச் சரியாகக் கூட்டிய பிறகும், பந்து இன்னமும் சில சமயம் குழியின் உதட்டில் நின்றுவிடுகிறது. அக்காள் மகன் அப்போது எதுவும் சொல்வதில்லை. அவனுக்கு இப்போது தனிக் கைப்பேசி இருக்கிறது. அதில் அவன் ஆடுவது துப்பாக்கிச் சண்டை.